இளவேனில் விடுமுறையும் மாணவர் தொண்டும்

தோற்றுவாய்

கற்றலுக்குரிய காலத்தை மாணவர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைத் தேர்வுத்தாள் காட்டிவிடும். ஓய்வுக்குரிய காலத்தை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைக் காட்ட அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை. ஆயினும், ஒரு தலைமுறையின் உள்ளப்பாங்கை அறிய விரும்புவோர் அதன் விடுமுறை நாள்களையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் பயிலும் மாணவருள் ஒரு சாரார் தம் இளவேனில் விடுமுறையைத் தொண்டுப் பயணத்துக்கென ஒதுக்கி வருகின்றனர். அவ்வழக்கம் தோன்றிய வகையினையும், நடைபெறும் முறையினையும், அதன்மீது எழுந்த வினாக்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு வாரத் தொண்டினால் பயன் பெறுவோர் யார்? தொண்டு செய்வோரா, அதனைப் பெறுவோரா? இவ்வினாவுக்கு விடை காண்பது, ஏழு நாள் முகாமுக்குச் செல்லும் நம் மாணவர்க்கும் இன்றியமையாததாகும்.

விடுமுறையும் கடற்கரையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சனவரித் திங்களில் தொடங்கும் பருவத்தின் இடையே, பெரும்பாலும் மார்ச்சுத் திங்களில், ஒரு வாரம் விடுமுறை அளிக்கப்படுகிறது. கடுங்குளிரால் வாடிய வட மாநில மாணவர் இவ்வாரத்தில் வெயிலை நாடித் தெற்கே செல்லுதல் நெடுநாளைய வழக்கம். 1930களில் கல்லூரி நீச்சல் அணிகள் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு வரத் தொடங்கின. 1960இல் அந்நகரக் கடற்கரையைக் களனாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளிவந்தபின் கூட்டம் பெருகியது. 1985ஆம் ஆண்டு ஏறத்தாழ 3,50,000 மாணவர் அங்குத் திரண்டனர். குடியும் கூச்சலும் விபத்துகளும் மிகவே, அந்நகர நிருவாகமே மாணவர் வருகையை விரும்பாது விதிகளைக் கடுமையாக்கிற்று. கூட்டம் டேட்டோனா பீச், பனாமா சிட்டி பீச் முதலிய நகரங்களுக்கு இடம்பெயர்ந்தது. மார்ச்சுத் திங்களில் கடற்கரையில் மது அருந்தலாகாது என்று பனாமா சிட்டி பீச் நகரமும் 2015இல் விதி இயற்ற நேர்ந்தது. இத்தகைய கேளிக்கைக்கு மாற்றாக எழுந்தமையால்தான் தொண்டுப் பயணம் 'மாற்று விடுமுறை' என்று பெயர் பெற்றது.

முன்னோடிகள்

இவ்வழக்கத்தின் வேர் சற்று ஆழமானது. 1964ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், வட மாநிலக் கல்லூரிகளைச் சேர்ந்த வெள்ளையின மாணவரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஏறத்தாழ ஆயிரம் தொண்டர் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றனர். வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் பதிவு செய்யத் துணைநிற்பதும், 'விடுதலைப் பள்ளி'களில் பாடம் சொல்லுவதும் அவர்தம் பணிகள். அக்கோடையின் தொடக்கத்திலேயே, சூன் 21ஆம் நாள், சேம்சு சேனி, ஆண்ட்ரு குட்மேன், மைக்கேல் சுவெர்னர் என்னும் மூன்று இளைஞர் கொல்லப்பட்டனர். அவருள் குட்மேன் இருபது வயதுக் கல்லூரி மாணவர். சேனி மிசிசிப்பி மண்ணிலேயே பிறந்த கறுப்பின இளைஞர். வெளியிலிருந்து வருவோர் உள்ளூர் மக்களின் தலைமையைப் பறித்துக்கொள்வரோ என்னும் ஐயம், மாணவரை அழைத்த இயக்கத்தினுள்ளேயே அன்று விவாதிக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தொண்டுப் பயணத்தின் இடர்ப்பாடு இன்னதென்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது.

1980களின் பிற்பகுதியில் ஒரு வார இளவேனில் விடுமுறைக்கும் இம்முயற்சி பரவிற்று. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர் இதில் முனைந்து நின்றனர். அங்கிருந்தே 1991இல் 'பிரேக் அவே' என்னும் அமைப்புத் தோன்றி, பிற கல்லூரிகளுக்கும் இப்பயணங்களை ஒழுங்குபடுத்தும் நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. ஏழையர்க்கு வீடு கட்டும் 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' என்னும் நிறுவனம் 1976இல் மில்லர்டு ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் இணையரால் நிறுவப்பட்டது. அது 1989 முதல் கல்லூரி மாணவர்க்கெனத் தனித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. இந்நிறுவனத்தின் வீடு இலவசக் கொடையன்று. வீடு பெறும் குடும்பத்தினர் தாமும் நூற்றுக்கணக்கான மணிநேரம் கட்டுமானப் பணியில் உழைத்தல் வேண்டும்; தம் வருவாய்க்கேற்ற தவணைகளில் விலையையும் செலுத்துதல் வேண்டும். எனவே அங்குச் செல்லும் மாணவர், வீட்டுக்குரியவரோடு தோளோடு தோள் நின்று சுவர் எழுப்புகின்றனர். கொடுப்பவர், பெறுபவர் என்னும் பிரிவு ஓரளவு அழிகின்றது.

பயணம் நடைபெறும் முறை

பொதுவாகப் பத்துப் பன்னிருவர் கொண்ட குழுவாக மாணவர் புறப்படுகின்றனர். தலைமை தாங்குவோரும் மாணவரே. செலவுக்குரிய பணத்தைத் தாமே திரட்டுகின்றனர். தேவாலயக் கூடத்திலோ பள்ளியிலோ சமூக மன்றத்திலோ தரையில் உறங்கி, தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்கின்றனர். மது அறவே விலக்கப்பட்டுள்ளது. பகற்பொழுதில் வீடு பழுதுபார்த்தல், உணவு வங்கிகளில் பண்டங்களைப் பிரித்து அடுக்குதல், காட்டுப் பாதைகளைச் செப்பனிடுதல், சிறுவர்க்குப் பாடம் சொல்லுதல் முதலிய பணிகள் நடைபெறும். இரவில் அனைவரும் வட்டமாக அமர்ந்து அன்று கண்டவற்றைப் பற்றி உரையாடுவர். 'இவ்வீட்டின் கூரை ஏன் இத்துணை ஆண்டுகள் ஒழுகிக்கொண்டிருந்தது?' என்னும் வினா அவ்விரவு அமர்வில்தான் எழுகின்றது.

நியூ ஆர்லியன்ஸ் தரும் சான்று

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரினா சூறாவளி தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தமையால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த இளவேனிலில், 2006 மார்ச்சில், ஆயிரக்கணக்கான மாணவர் கடற்கரையை விடுத்து அந்நகருக்குச் சென்றனர். வாரக்கணக்கில் நீரில் ஊறிய வீடுகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. அழுகிய அறைகலன்களை அகற்றி, உட்சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, ஆணிகளைப் பிடுங்கி, மரச்சட்டம் மட்டும் எஞ்சுமாறு செய்தாலன்றி வீட்டை மீண்டும் கட்ட இயலாது. முகமூடியும் கையுறையும் அணிந்து மாணவர் இப்பணியைச் செய்தனர்.

இப்பணி பயனுடையதாய் அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, தேவை மெய்யானது. வீட்டுக்குரியவர்தாமே உதவி கோரினர். இரண்டாவது, இதற்குப் பல்லாண்டுத் தொழிற்பயிற்சி தேவையில்லை. உடல் வலிமையும் சில மணிநேரப் பயிற்சியும் போதும். மூன்றாவது, கூலி கொடுத்துச் செய்வித்தால் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் பணி இது. நான்காவது, அங்கு நிலையாகத் தங்கிப் பணிபுரிந்த உள்ளூர் அமைப்புகள், ஒரு குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த குழு தொடருமாறு வழிநடத்தின. இந்நான்கும் பொருந்திய இடத்தில் ஒரு வாரத் தொண்டு வீணாவதில்லை.

மறுப்புரை

இவை பொருந்தாத இடத்தில் நிகழ்வது யாது? இதனை மிகக் கடுமையாக வினவியவர் கத்தோலிக்கக் குருவும் கல்விச் சிந்தனையாளருமாகிய இவான் இல்லிச் ஆவார். மெக்சிகோவின் சிற்றூர்களில் விடுமுறைத் தொண்டாற்றி வந்த வட அமெரிக்க மாணவரின் மாநாட்டில், 1968 ஏப்ரலில், அவர் அம்மாணவரின் முகத்துக்கு நேரேயே அம்முயற்சியைக் கண்டித்தார். மொழியும் வாழ்க்கையும் அறியாமல் ஓர் ஊருக்குள் நுழைபவர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும் தீங்கே செய்யக்கூடும் என்பது அவர் கருத்து. தம் நாட்டிலேயே, தம்மை மறுத்துப் பேசும் ஆற்றல் உடையோரிடையே தொண்டு செய்வது நன்று. அயல்நாட்டுக்கு வருவதாயின் கற்க வருக, உதவ வாரற்க என்பதே அவர் உரையின் சாரம்.

இவ்வுரை இன்றும் கூர்மை மழுங்காதது. கொத்தனார் வேலையின்றி இருக்கும் ஊரில், கரணை பிடித்தறியாத மாணவர் சுவர் எழுப்பினால் ஊராரின் கூலி பறிபோகும். சுவரும் செம்மையாக அமையாது. ஒரு வாரம் கொஞ்சிப் பழகிவிட்டுப் பிரியும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் ஆண்டுதோறும் கண்டு ஏங்கும் சிறுவர்க்கு அத்தொண்டு நன்மையாகுமா? பயணத்துக்காகும் பணத்தை அவ்வூருக்கே அனுப்பிவிட்டால் ஆகாதா? சுவருக்கு வண்ணம் பூசுவது மட்டுமே பயணத்தின் நோக்கமாயின், பணத்தை அனுப்புவதே மேல் என்று நாம் தயங்காமல் கூறலாம்.

எண்வகை உறுப்புகள்

இத்தகைய மறுப்புகளுக்கு ஈடுகொடுக்கும் வகையில் 'பிரேக் அவே' அமைப்பு நல்ல பயணத்துக்கு எட்டு உறுப்புகளை வகுத்தது. நேரடித் தொண்டு, செல்லுமிடம் பற்றிய அறிமுகம், சிக்கலின் காரணம் பற்றிய கல்வி, பணிக்குரிய பயிற்சி, கண்டவற்றைச் சிந்தித்தல், மது முதலியவற்றை விலக்குதல், பன்மையையும் சமூக நீதியையும் போற்றுதல், திரும்பிய பின் தொடர்தல் என்பன அவை. இவற்றுள் தொண்டு ஒன்றுதான் பெரிதும் அவ்வாரத்துக்கே உரியது. அறிமுகமும் கல்வியும் பயிற்சியும் புறப்படுமுன் தொடங்க வேண்டியவை. தொடர்தல் திரும்பிய பின் நிகழ்வது. ஒரு வாரத்தின் மதிப்பை அதன் முன்னும் பின்னும் உள்ள நாள்களே உறுதி செய்கின்றன என்பது இதனால் பெறப்படும்.

'பின்' என்பதன் ஆற்றலுக்கு ஃபுளோரிடாவின் இமோக்கலி என்னும் ஊர் சான்று பகரும். தக்காளித் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைத்தி நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் வாழ்கின்றனர். தொண்டுப் பயணமாக மாணவர் குழுக்கள் செல்லும் ஊர்களுள் அதுவும் ஒன்று. 32 பவுண்டு எடையுள்ள ஒரு வாளித் தக்காளி பறித்தால் அன்று கிடைத்த கூலி அரை டாலரைக்கூட எட்டவில்லை. 1993இல் ஒன்றுதிரளத் தொடங்கிய அத்தொழிலாளர், 2001இல் தக்காளியைப் பெருமளவில் வாங்கும் 'டாக்கோ பெல்' உணவகங்களைப் புறக்கணிக்குமாறு நாட்டு மக்களை வேண்டினர். நாடெங்கும் கல்லூரி மாணவர் அவர்தம் குரலைத் தம் வளாகங்களுக்குள் கொண்டுசென்றனர். சில வளாகங்களிலிருந்து அவ்வுணவகங்கள் அகற்றப்பட்டன. 2005 மார்ச்சில் அந்நிறுவனம் பவுண்டுக்கு ஒரு சென்டு கூடுதலாகத் தர இசைந்தது. ஒரு சென்டு சிறிதெனத் தோன்றலாம். வாளிக்கு 32 சென்டு என்று கணக்கிட்டால் அதன் பெருமை விளங்கும். இப்போராட்டத்தை வழிநடத்தியோர் தொழிலாளரே. மாணவர் செய்ததெல்லாம் தாம் வாழும் இடத்தில் அவர்க்குத் துணைநின்றதே.

நமக்குரிய படிப்பினை

வள்ளுவர் 'ஈகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே 'ஒப்புரவறிதல்' என வேறோர் அதிகாரமும் வகுத்தார். இல்லார்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழும் வாழ்வின் இயல்பறிந்து அதற்குரிய கடமையை ஆற்றுதல் ஒப்புரவு. அதனைச் செய்தல் என்னாது 'அறிதல்' என்றமை சிந்திக்கத்தக்கது. அறிதல் இல்லாத தொண்டு, செய்வோரின் மனநிறைவோடு முடிந்துவிடும்.

நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கப்பட்டது. அதன் சிறப்பு முகாமும் ஏழு நாள் கொண்டதே. முகாமின் தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் நாம் குறைவின்றி நடத்துகின்றோம். முதல் நாளுக்கு முன்னர் அவ்வூர்ப் பெரியவரையும் பெண்டிரையும் கண்டு, 'உங்களுக்கு வேண்டுவது யாது?' என வினவினோமா? எட்டாம் நாளிலும் அவ்வூரை நினைத்தோமா? நாம் வெட்டிய வாய்க்காலில் அடுத்த மழைக்கு நீர் ஓடியதா என்று சென்று பார்த்தோமா? ஆசிரியராகிய நாமும் மாணவரும் சேர்ந்து விடை கூற வேண்டிய வினாக்கள் இவை.

நிறைவுரை

விடுமுறையைக் கேளிக்கையில் கழிக்காது பிறர்க்கென ஒதுக்கும் இளைஞர் போற்றற்குரியர். ஒரு வாரத்தில் ஓர் ஊரை மாற்றிவிட இயலாது. அவ்வூரால் மாணவர் மாறுதல் இயலும். மாறிய மாணவர் ஆண்டுகள் பல உழைத்தல் இயலும். எனவே, அடுத்த முகாமுக்குப் புறப்படும் மாணவர் மண்வெட்டியோடு ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்க. ஊரார் கூறுவதை அதில் எழுதுக. திரும்பிய பின் அதனை மறவாது திறந்து படிக்க.