இணையத்தளமும் பயனர் பட்டறிவும்

நூல் ஒன்று எத்துணை உயர்ந்த கருத்துகளைக் கொண்டிருப்பினும், எழுத்து மங்கி, பக்கங்கள் மாறித் தைக்கப்பட்டு, பொருளடக்கமும் இன்றி இருக்குமாயின் அதனை விரும்பிக் கற்பார் அரியர். இவ்வுண்மை இணையத்தளத்திற்கும் பொருந்தும். தளத்தை நாடி வந்தவர் தாம் தேடியதை எளிதிற் கண்டாரா, கண்டதைப் படிக்க இயன்றதா, வந்த வேலையை முடித்து மனநிறைவுடன் சென்றாரா என்பனவெல்லாம் சேர்ந்ததே ‘பயனர் பட்டறிவு’ எனப்படும். அமெரிக்க அறிஞர் டோனால்டு நார்மன், 1990-களில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது இத்தொடரைப் பரவச் செய்தார். ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் தடுமாறுவாராயின், குறையை அவரிடம் தேடாது பொருளின் அமைப்பில் தேட வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இதற்குச் சான்று தேடித் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ் இணையத்தின் வரலாறே தக்க சான்றாகும்.

எழுத்துருவால் வந்த இடர்

1995-இல் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதை இணையத்தில் இடம்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் பெருகின. ஆனால் ஒவ்வொரு தளமும் தனக்கெனத் தனி எழுத்துருவும் தனிக் குறியீட்டு முறையும் வைத்திருந்தது. ஒரு தளத்தில் ‘க’ என்பதைக் குறித்த எண், மற்றொரு தளத்தில் வேறோர் எழுத்தைக் குறித்தது. உரிய எழுத்துருவைக் கணினியில் நிறுவாதவருக்குத் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின. செய்தி இருந்தது, படிக்கும் ஆவலும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் வழிதான் இல்லை.

இவ்விடரைக் களையப் பலர் உழைத்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2000-இல் சிங்கப்பூரில் ‘உத்தமம்’ அமைப்பு தோன்றியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1991-இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோட் முறை, கணினிகள் அதனை ஏற்றபின் மெல்ல மெல்ல எங்கும் பரவியது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. இன்று தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க எவரும் எழுத்துருவைத் தேடி அலைவதில்லை. வாசகர் தலையில் இருந்த சுமை பொறியின் தலைக்கு மாறிற்று. பயனர் பட்டறிவு மேம்படுதல் என்பது இதுவே.

அகரவரிசைச் சிக்கல்

எனினும் இடர் முற்றும் நீங்கிற்று எனல் இயலாது. தொல்காப்பியர் அகரம் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளை வகுத்தார். யூனிகோட் அட்டவணையிலோ நகரத்தை அடுத்தே னகரம் நிற்கிறது. ஆதலின் குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு சொற்களை அடுக்கினால் ‘கனி, கபிலர், கலை’ என வரும். தமிழ் முறைப்படி அஃது ‘கபிலர், கலை, கனி’ என்றன்றோ அமைதல் வேண்டும்? அகராதித் தளத்தில் சொல் தேடும் மாணவன், கற்ற வரிசை பயன்படாமை கண்டு மயங்குவான். தமிழ் வரிசைக்குரிய விதிகளை மென்பொருளில் சேர்த்தால் இம்மயக்கம் தீரும். இது நிரலாளர் தனித்துச் செய்யும் பணியன்று. தமிழாசிரியரின் துணையும் இதற்கு வேண்டும்.

எழுத்தின் வடிவமும் கருதத்தக்கது. தமிழெழுத்துகள் பலவற்றில் கோடுகள் மேலும் கீழும் நீளும். வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லையேல் அவை ஒன்றையொன்று முட்டும். உருபுகள் சேரச் சேரத் தமிழ்ச் சொல் நீளும். மலாயில் ‘டஃப்தார்’ என ஒரு சொல்லில் அடங்குவது தமிழில் ‘பதிவு செய்க’ என விரிகிறது. மலாய் அல்லது ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு அமைத்த பொத்தானில் தமிழைத் திணித்தால் சொல் வெட்டுண்டு நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ் புகட்டும் பாடம்

1951-இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. அவ்வட்டாரத்து நடைபாதைகளில் மேடுபள்ளம் கொண்ட தடக்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோர் கைக்கோலாலும் காலாலும் அவற்றை உணர்ந்து வழி அறிவர். இணையப் பக்கத்திலும் இத்தகைய தடக்கற்கள் வேண்டும். முறையான தலைப்புகள், படங்களுக்கான எழுத்து விளக்கம், பெயரிடப்பட்ட பொத்தான்கள் ஆகியவையே அவை. பக்கத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இவற்றைக் கொண்டே வழிகாட்டுகின்றன. அவற்றுள் என்.வி.டி.ஏ. கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது.

ஆனால் அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாக்கி வெளியிட்டுவிட்டால் இம்மென்பொருள்கள் செயலற்றுப் போகின்றன. முதலாம் ஆண்டு மாணவர் பதிவு பற்றிய அறிவிப்பைத் தமிழ்ப்பள்ளி ஒன்று வண்ணப் படமாக மட்டும் வெளியிடுகிறது எனக் கொள்வோம். பார்வையற்ற தாய்க்கு அது பெரும்பாலும் ‘படம்’ என்ற ஒரு சொல்லாகவே கேட்கும். முதிய பாட்டனார் கைப்பேசியில் அதனை இழுத்து இழுத்துப் படிக்க நேரும். தேடுவோருக்கும் அது எளிதில் அகப்படாது. அதே செய்தியைப் படத்தின் கீழ் எழுத்தாகவும் இட்டால் மூவர் குறையும் தீரும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள நிறவேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவிலேனும் இருத்தல் வேண்டும் என உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுவதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐவர் போதும்

தளம் நன்றா தீதா என அறியப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ உள்ள பள்ளி ஒன்று தன் தளத்தின்முன் மாணவர் இருவர், தாயார் ஒருவர், முதியவர் ஒருவர், புதிய ஆசிரியர் ஒருவர் என ஐவரை அமர்த்தலாம். ‘பள்ளி திறக்கும் நாளைக் கண்டுபிடியுங்கள்’ என்று மட்டும் கூறி, குறுக்கிடாமல் நோக்க வேண்டும். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே திருத்தம் தேவை. வகுப்பு விளங்காமல் விழித்தால் கற்பிக்கும் முறையை மாற்றுவது நல்லாசிரியர் இயல்பு. தளம் அமைப்போருக்கும் அவ்வியல்பு வேண்டும்.

தமிழ்ப் பக்கம் இடர் தருமாயின் வாசகர் வேற்றுமொழிப் பக்கத்திற்குச் சென்றுவிடுவர். பின்னர், தமிழ்ப் பக்கத்தைப் படிப்பார் இல்லை என்று கூறி அதனை நீக்குவோரும் உளராவர். படிக்க இயலாமற் செய்துவிட்டுப் படிப்பார் இல்லை என்பது நேர்மையன்று. தமிழைத் திரையில் ஏற்றும் பணி பெரும்பாலும் முடிந்தது. அத்திரையைத் தமிழர் அனைவரும் பயன்கொள்ளச் செய்யும் பணி எஞ்சியுள்ளது. ஆசிரியர் உலகம் அதனைத் தன் பணியாகக் கொள்ளுமாக.