இலக்கமும் எல்லையும்

குரலை எண்களாக்கி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கும் முறை 'கோடெக்' எனப்படும். இருமுனையும் ஒரே கோடெக்கை அறியாவிடின், இடைநின்று பெயர்த்துரைக்கும் மென்பொருள் வேண்டும். அதுவும் அறியாததைப் பெயர்த்தல் இயலாது.

1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய 'ஆஸ்டெரிஸ்க்' என்னும் தொலைபேசி மென்பொருள், 32 இருமவிலக்கங்கள் கொண்ட ஓரெண்ணில் கோடெக் ஒன்றுக்கு ஓரிலக்கம் ஒதுக்கிற்று. புதியன பெருகவே இடம் போதாதாயிற்று. 2010இல் வெளிவந்த 1.8ஆம் பதிப்பு இலக்கங்களை 64 ஆக்கிற்று. எல்லை அகன்றதேயன்றி நீங்கிற்றில்லை. மேலும், ஓரிலக்கம் 'உண்டு', 'இல்லை' என்றே உரைக்கும். ஒரே கோடெக் குரலைச் செக்கனுக்கு 8000 முறை அளக்கின்றதா, 16000 முறையா என்பதை உரைக்கமாட்டாது.

ஆதலின், 2011இல் வந்த 10ஆம் பதிப்பு அம்முறையையே கைவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணும் பண்புகளும் கொண்ட தனிப்பதிவை வகுத்தது. இடத்தைப் பெருக்குதலினும் முறையை மாற்றுதலே நிலைத்த பயன் தரும் என்பது இதனாற் பெறப்படும்.