எல்லைக் கிராமங்களும் திசை நோக்கிய அலைக்கற்றையும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நிலைத்தது. அடுத்திருந்த விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பாறசாலை ஒரு மாநிலம், களியக்காவிளை மற்றொரு மாநிலம் என்றாயிற்று. தொலைத்தொடர்பு உரிமங்களும் கேரள வட்டம், தமிழ்நாடு வட்டம் எனத் தனித்தனியே வழங்கப்பட்டன. வானொலி அலைகள் இப்பிரிவினைக்குக் கட்டுப்படுவதில்லை. ரோமிங் கட்டணம் நடைமுறையிலிருந்த காலத்தில், எல்லையோரத்தில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே அயல் வட்டச் சந்தாதாரராகிவிடக்கூடும். அக்கட்டணம் நீங்கியபின்னும், கோபுரத்திற்குத் தொலைவிலுள்ள வீட்டிற்குப் போதிய சமிக்ஞையை எவ்வாறு சேர்ப்பது என்ற வினா எஞ்சியுள்ளது.

ஆண்டெனா அணிகளைக் கொண்டு அலையைக் கற்றையாக்கி அனுப்பும் முறை இதற்கு ஒரு விடையாகும். இது புதுமையன்று, ஜெர்மானிய அறிஞர் பிரவுன் 1905-இலேயே மூன்று ஆண்டெனாக்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். பல ஆண்டெனாக்களை அருகருகே நிறுவி, ஒவ்வொன்றிற்கும் செல்லும் அலையைச் சற்றே முன்பின்னாகச் செலுத்தினால், விரும்பிய இடத்தில் அவை முகட்டோடு முகடு பொருந்தி வலுப்பெறும். பிற இடங்களில் முகடும் பள்ளமும் கூடி நலியும். மொத்தத் திறனை நான்கு ஆண்டெனாக்களுக்குப் பகிர்ந்தளித்தால் ஒவ்வொன்றின் அலைவீச்சும் பாதியாகும். நான்கு பாதிகள் ஒன்றுசேர்ந்தால் இருமடங்கு வீச்சு, அதாவது நான்கு மடங்கு திறன், கிட்டும். திறன் புதிதாகப் பிறப்பதில்லை. வேறெங்கோ வீணாகவிருந்தது இங்குத் திருப்பப்படுகிறது. பொருளாதார மாணவர் இதனை ஓர் ஒதுக்கீட்டுப் பிரச்சினையாகவே காணலாம்.

ஆண்டெனாக்களுக்கிடையே ஏறத்தாழ அரை அலைநீள இடைவெளி வேண்டும். திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள வளிமண்டல ராடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அதன் 1,024 ஆண்டெனாக்கள் பக்கத்திற்கு 130 மீட்டர் கொண்ட நிலத்தை நிரப்புகின்றன. 3,500 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 4.3 சென்டிமீட்டரே, 64 ஆண்டெனாக்கள் ஒரு சிறு பலகையில் அடங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸில் அதே அணிக்குப் பக்கத்திற்கு 1.7 மீட்டர் தேவை. கோபுரம் தாங்க வேண்டிய எடையும் காற்றின் விசையும் பெருகும்.

எல்லைக் கிராமங்களின் சிக்கல் இங்குதான் உள்ளது. ரப்பர்த் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் ஊடுருவிச் செல்வதில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை மேம்பட்டது. அணியாக அமைக்க எளிதான 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையோ இலைகளில் பெரிதும் நலிகிறது. 2022 ஏலத்தில் இரண்டு அலைவரிசைகளும் விற்பனையாயின. ஆகவே, ஓர் ஊருக்கு ஐந்தாம் தலைமுறைச் சேவை வந்துவிட்டதெனக் கணக்கெழுதும் அலுவலர், எந்த அலைவரிசையில், எத்தனை ஆண்டெனாக்களுடன் வந்தது என்பதையும் கேட்டறிதல் நலம்.

மற்றொன்றும் உண்டு. கற்றையை எங்குச் செலுத்துவது என்பதைக் கோபுரம் தானாக அறியாது. 3,500 மெகாஹெர்ட்ஸ் சேவையில், கைபேசி அனுப்பும் முன்னறிந்த சமிக்ஞையை அளந்தே அது கணிக்கிறது. கோபுரக் கருவி பல பத்து வாட் திறனுடையது. கைபேசியின் திறனோ ஒரு வாட்டிற்கும் குறைவு. தோட்டத்தின் கடைக்கோடி வீட்டிலிருந்து எழும் அந்த மெல்லிய சமிக்ஞை கோபுரத்தை எட்டாவிடில், கற்றை மிகுதியும் தேவைப்படும் அவ்வீட்டிற்கே அதனைத் திருப்ப இயலாது போகும்.