சேர்வரில் எரியும் மஞ்சள் விளக்கு

நாவுலயில் ஏ9 வீதியோரமாக எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, பெயின்ட், குழாய் விற்பதுதான் தொழில். ஆனால் இந்த வாரம் எழுதப் போவது வேறு ஹார்ட்வெயாரைப் பற்றி. கடையின் பின்னறையில் இருக்கும் சேர்வரைப் பற்றி.

இன்று நம்மில் பலர் பில், கணக்கு, களஞ்சிய இருப்பு என்று தனித்தனிக் கம்பியூட்டர் வைப்பதில்லை. ஒரே சேர்வரை வாங்கி, அதற்குள் இரண்டு மூன்று கம்பியூட்டர்களை ஓட விடுகிறோம். விஎம்வெயார், ஹைப்பர்-வி, புரொக்ஸ்மொக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. ஒரு கட்டடத்தைத் தடுத்து மூன்று கடையாக வாடகைக்கு விடுவது போலத்தான் இதுவும். செலவு குறைவு. ஆனால் கூரை ஒன்றுதான். கூரை ஒழுகினால் மூன்று கடைக்காரரும் நனைவார்கள். அதைவிட முக்கியமானது, உள்ளே இருப்பவருக்குக் கூரை ஒழுகுவது முதலில் தெரியாது. பில் அடிக்கும் பிள்ளையின் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

அப்படியானால் யாருக்குத் தெரியும்? சேர்வரின் மதர்போர்டில் ஒரு சிறிய தனிக் கம்பியூட்டர் இருக்கிறது. டெல் சேர்வரில் ஐடிராக், எச்.பி. சேர்வரில் ஐலோ என்று அதற்குப் பெயர். சேர்வரை அணைத்தாலும் வயர் செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். விசிறி, வெப்பம், வோல்டேஜ், பவர் சப்ளை, ரெம், டிஸ்க் எல்லாவற்றையும் இது கண்காணித்து, நடந்ததை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். விஎம்வெயார் போன்றவை காட்டும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து எடுக்கப்படுபவையே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் சேர்வரின் விசிறி ஒன்று பழுதானது. புதிது போட்டோம். ஆனால் மஞ்சள் விளக்கு அணையவில்லை. சேர்வரைப் பார்க்க வருபவரிடம் கேட்டேன். "ஒன்றுமில்லை ஹாஜியார், ரீசெட் பண்ணினால் போய்விடும்" என்றார். ரீசெட் செய்தார்; மறுநாள் திரும்ப வந்தது. இப்படி மூன்று முறை. கடைசியில் கண்ணை உறுத்துகிறதே என்று விளக்கின் மேல் நானே ஒரு துண்டு டேப்பை ஒட்டி விட்டேன்.

அதுதான் நான் செய்த பெரிய பிழை. சில மாதங்களின் பின் விடுமுறைக்கு வந்த மகன் சேர்வரைத் திறந்து பார்த்தார். விசிறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு டிஸ்க்குகளில் ஒன்று மூன்று வாரங்களாகச் செத்துக் கிடந்தது! நாங்கள் வைத்திருந்தது ரெய்ட் 5 முறை. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாம் போய்விடும். கண்டியிலிருந்து புது டிஸ்க் எடுப்பித்துப் போட்டு, அது நிரம்பும் வரை அன்றிரவு கண் மூடவில்லை. பதினொரு வருடப் பாக்கிக் கணக்கு அதற்குள் இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி என்னிடம் இல்லை.

ஆகவே, பொய் எச்சரிக்கை தானே என்று விட்டு விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். அது அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையை மறைத்து விடும்.

விளக்கு அணையாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் ரீசெட் செய்யாதீர்கள். எந்த உறுப்பு, எத்தனை மணிக்கு என்பதை எழுதி வையுங்கள். பதிவேட்டின் பிரதி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள்.

2. இரண்டு இடத்திலும் பாருங்கள். ஐடிராக், ஐலோ போன்றதன் பக்கத்திலும் சிவப்பு, விஎம்வெயாரிலும் சிவப்பு என்றால் பெரும்பாலும் பழுது உண்மையானது. முன்னதில் பச்சை, பின்னதில் மட்டும் சிவப்பு என்றால் பெரும்பாலும் பழைய பதிவு தங்கியிருக்கிறது.

3. பழைய பதிவு என்றால், பிரதி எடுத்த பின் பதிவேட்டைத் துடைத்து, சென்சர்களை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பதிவேடு நிரம்பி வழிந்தாலும் எச்சரிக்கை வரும். அதன் பிறகும் திரும்ப வந்தால் ஃபெர்ம்வெயார் பழையதா என்று பார்க்க வேண்டும். அதைப் புதுப்பிக்குமுன் கணக்கை பேக்கப் எடுத்து, உள்ளே ஓடும் கம்பியூட்டர்களை முறையாக மூடுவது அவசியம்.

4. பவர் சப்ளை சிவப்பு என்றால் முதலில் வயரைப் பாருங்கள். கூட்டும்போது கழன்றிருக்கலாம். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்ஸில் செருக வேண்டாம்.

5. பில் அடிக்கத் திடீரென நேரமெடுத்தால் ரெய்ட் கார்டின் பெட்டரியைக் கவனியுங்கள். அது பலவீனமானால், தரவு தொலையாதிருக்க கார்ட் மெதுவான முறைக்கு மாறும்.

6. வெப்ப எச்சரிக்கை என்றால் தூசும் அறையும்தான் முதல் சந்தேகம். சேர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சீமெந்து மூட்டை அடுக்கும் அறையில் சேர்வர் வைப்பது எங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறு.

கடைசியாக, ரெய்ட் என்பது பேக்கப் அல்ல. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகர அரச தரவு நிலையத்தில் பெட்டரி தீப்பிடித்து, 858 டெராபைட் அளவுள்ள அரச ஊழியர்களின் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கும் வெளியே பிரதி இல்லை. அரசாங்கங்களுக்கே இந்த நிலை என்றால் நம் கடைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் வாரம் ஒருமுறை கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகிறேன். காலையில் கடை திறந்ததும் முதலில் அந்த விளக்கைப் பார்க்கிறேன். நீங்களும் இன்றே போய்ப் பாருங்கள். மேலே டேப் ஒட்டியிருந்தால், முதலில் அதை உரித்து விடுங்கள்.