எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் வெயிட் ஏறுதா? மறுபடியும் குறைக்க என்ன வழி?

"ஆபரேஷன் பண்ணியும் மறுபடி குண்டாயிட்டீங்களே?" எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர், இரண்டு மூன்று வருடம் கழித்து கல்யாண வீட்டிலும் ஆபீஸிலும் எதிர்கொள்ளும் கேள்வி இது. லட்சக்கணக்கில் செலவு செய்து, வாரக்கணக்கில் சூப்பும் கஞ்சியுமாக இருந்து குறைத்த எடை சத்தமில்லாமல் திரும்பத் தொடங்குகிறது. அப்போது பலரும் செய்யும் முதல் காரியம், டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுவது. 'திட்டுவாரே' என்ற பயம் ஒரு பக்கம், 'எல்லாம் என் தப்புதான்' என்ற கூச்சம் இன்னொரு பக்கம்.

நிலைமையை மோசமாக்குவது அந்தக் கூச்சம்தான். எடை திரும்பக் காரணம் என்ன? எவ்வளவு கூடினால் உஷாராக வேண்டும்? மறுபடி குறைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன? பார்க்கலாம்.

எடை திரும்புவது சகஜமா?

ஆமாம், ஓரளவுக்கு சகஜம்தான். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த முக்கியமான ஆய்வு ஒன்று 1987ல் ஸ்வீடனில் தொடங்கியது. அதன் முடிவுகள் 2007ல் வெளியாகின. கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் 1-2 ஆண்டுகளில் சராசரியாக 32% எடை குறைந்திருந்தார்கள். 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறைவு 25% ஆக இருந்தது. அதாவது, குறைந்ததில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஆபரேஷன் செய்யாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களின் எடை அத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறவே இல்லை. மேலும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதமும் குறைவாக இருந்தது. கொஞ்சம் எடை திரும்பியதால் ஆபரேஷனே வீண் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு கூடினால் கவனிக்கணும்?

மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு 2, 3 கிலோ கூடுவது பலருக்கும் நடப்பது. அதற்காகப் பதற வேண்டாம். குறைத்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்தால் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகப் பார்க்க வேண்டும் என்பது இத்துறை நிபுணர்கள் இப்போது பயன்படுத்தும் ஒரு அளவுகோல்.

கணக்கு எளிது. ஆபரேஷனுக்கு முன் 120 கிலோ இருந்த ஒருவர் 80 கிலோவுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். குறைத்தது 40 கிலோ. அதில் 30% என்றால் 12 கிலோ. அவர் 92 கிலோவைத் தாண்டினால் கண்டிப்பாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 4, 5 கிலோ தொடர்ந்து ஏறுமுகமாக இருந்தாலே போய்க் காட்டுவது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்ற பழைய பிரச்சினைகள் எட்டிப் பார்த்தால் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், உடனே போக வேண்டியதுதான்.

ஏன் திரும்பி வருது?

நம் ஊரில் பரவலாகச் செய்யப்படுவது இரண்டு வகை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை நீக்கிவிட்டு, மீதியை வாழைக்காய் போன்ற குழாயாக மாற்றுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் இதில் போய்விடும். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் அளவுக்கு ஒரு சின்னப் பையை உருவாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். இரண்டிலுமே பசி குறையும், சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. வேகமாக எடை குறைவதை அது பஞ்சம் வந்ததுபோல எடுத்துக்கொள்கிறது. செலவழிக்கும் சக்தியைச் சிக்கனமாக்குகிறது. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தால் செலவாகும் கலோரி இன்னும் குறையும். மாதங்கள் போகப் போக பசியும் மெல்லத் தலைகாட்டும். இது உடம்பின் இயல்பு, மன உறுதி இல்லாததால் வருவது அல்ல.

இதோடு வேறு சில காரணங்களும் சேர்கின்றன:

- கொறிப்பது: ஒரே வேளையில் நிறைய சாப்பிட முடியாது. ஆனால் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் சின்ன வயிறு தடுக்காது.

- வழுக்கி இறங்கும் சாப்பாடு: டீயில் தொட்ட பிஸ்கட், ஐஸ்கிரீம், மில்க் ஷேக், சிப்ஸ், மிக்சர் போன்றவை வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும். வயிறு நிறையாது, கலோரி மட்டும் ஏறும்.

- சர்க்கரை திடீரென இறங்குவது: குறிப்பாக பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு, இனிப்போ மாவுச்சத்தோ அதிகம் சாப்பிட்ட 1-3 மணி நேரத்தில் ரத்த சர்க்கரை சட்டென்று குறையும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வரும். அதைச் சமாளிக்க மறுபடி இனிப்பு சாப்பிடுவார்கள். இப்படியே ஒரு சுழற்சி ஓடும்.

- மாத்திரைகள்: இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டும்.

- மது: பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும். கலோரியும் அதிகம். ஆபரேஷனுக்குப் பின் சிலர் புதிதாகக் குடிக்கு அடிமையாவதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

- வாழ்க்கை மாற்றங்கள்: பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம், தைராய்டு குறைபாடு, நைட் ஷிப்ட், வீட்டில் ஒரு இழப்பு என எதுவும் காரணமாகலாம். அமெரிக்க டிவியில் பிரபல வானிலைச் செய்தியாளரான அல் ரோக்கர் 2002ல் பைபாஸ் செய்துகொண்டவர். தன் அம்மாவை இழந்த காலத்தில் எடை திரும்ப ஏறியதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

'வயிறு விரிஞ்சு பழையபடி ஆயிடுச்சா?'

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. காலப்போக்கில் வயிறு கொஞ்சம் தளர்வது உண்மைதான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பிருந்த அளவுக்கே திரும்பிவிடுவதில்லை. சிலருக்கு மட்டும் பையும் குடலும் சேரும் வாய்ப்பகுதி அகலமாகியிருக்கும், அல்லது பிரித்த பகுதிகளுக்கு இடையே மறுபடி வழி உருவாகியிருக்கும். இதை எண்டோஸ்கோபி அல்லது எக்ஸ்ரே பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

'5 நாள் வெறும் திரவம் குடிச்சா வயிறு சுருங்கிடும்' என்று சொல்லும் 'பவுச் ரீசெட்' டயட் வீடியோக்களும் சுற்றுகின்றன. விரிந்த வயிறு இதனால் சுருங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. முதலில் குறைவது பெரும்பாலும் உடம்பில் உள்ள தண்ணீர்தான். ஏற்கெனவே சத்துக்குறைபாடு இருப்பவர்கள் இதில் இறங்கினால் மயக்கமும் பலவீனமும்தான் மிச்சம்.

முதல் வேலை: திரும்பப் போய் டாக்டரைப் பாருங்க

எத்தனை வருடம் போகாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆபரேஷன் செய்த மருத்துவரிடமோ, அந்த ஊரில் இல்லை என்றால் வேறொரு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணரிடமோ போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். பிஸ்கட், காபியில் போட்ட சர்க்கரை எல்லாம் அதில் இருக்கட்டும்.

மூன்று மாத சராசரி சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். எடை கூடியிருக்கிறதே, சத்து எப்படிக் குறையும் என்று நினைக்க வேண்டாம். கலோரி அதிகமாகவும் சத்து குறைவாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தியவர்களுக்கு ரத்தசோகை, கை கால் மரத்துப்போவது, எலும்பு பலவீனம் எல்லாம் வரலாம்.

எடை ஏறினால் மூட்டுவலியும் வரும். அதற்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவது பைபாஸ் செய்தவர்களுக்கு ஆபத்து. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகைப்பழக்கமும் அப்படித்தான்.

தட்டில் என்ன மாற்றணும்?

புது டயட் எதுவும் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்ததும் சொல்லிக்கொடுத்த அதே அடிப்படைகளுக்குத் திரும்பினால் போதும்.

முதலில் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் சுமார் 15 கிராம். மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். தட்டில் முதலில் இதைச் சாப்பிட்டு, அடுத்து காய்கறி, கடைசியில் கொஞ்சம் சாதமோ சப்பாத்தியோ எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரசத்தை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டாலும் சாதம் சீக்கிரம் இறங்கிவிடும், பசியும் சீக்கிரம் வரும். நன்றாக மென்று, 20-30 நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். ஜூஸ், கூல் டிரிங்க்ஸ், சர்க்கரை போட்ட டீ, காபி ஆகியவற்றைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். டிவி, மொபைல் பார்த்துக்கொண்டே கொறிப்பதை நிறுத்தி, சாப்பாட்டுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தா மட்டும் போதுமா?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமான நடை போன்ற பயிற்சி வேண்டும். அதை மெல்ல 300 நிமிடம் வரை கூட்டுவது இலக்கு. அதோடு வாரத்தில் 2-3 நாள் தசைக்கான பயிற்சியும் அவசியம். ஜிம்முக்குத்தான் போகணும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம்.

தூக்கமும் மனநிலையும் இதில் சமமான பங்கு வகிக்கின்றன. கவலை வந்தால் சாப்பிடத் தோன்றுகிறது, நடு ராத்திரியில் எழுந்து சாப்பிடுகிறேன் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனை இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஊசி போட்டா குறையுமா?

பழக்கங்களை மாற்றியும் எடை இறங்காதவர்களுக்கு இப்போது மருந்துகளும் உண்டு. இந்தியாவில் 2025ல் மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் அறிமுகமாகின. இவை பசியைக் கட்டுப்படுத்தும் குடல் ஹார்மோன்களைப் போலச் செயல்படுபவை. இதே வகையில் பழைய மருந்தான லிராகுளுடைடை, ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்பார்த்த அளவு எடை குறையாதவர்களுக்குக் கொடுத்து பிரிட்டனில் ஆய்வு செய்தார்கள். 2023ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், 24 வாரத்தில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 9 சதவீதத்துக்கு நெருக்கமாக எடை குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை.

ஆனாலும் இதை நீங்களாகவே தொடங்கக் கூடாது. சின்ன வயிறு உள்ளவருக்குப் பசி மேலும் குறைந்தால் புரதமும் வைட்டமினும் பற்றாமல் போகலாம். வாந்தி, மலச்சிக்கல் வரலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும், மாதாமாதம் ஆகும் செலவையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமா?

சிலருக்குத் தேவைப்படும். ஸ்லீவ் செய்தவருக்கு எடை கூடுவதோடு கடுமையான நெஞ்செரிச்சலும் இருந்தால் பைபாஸாக மாற்றுவது உண்டு. பைபாஸில் வாய்ப்பகுதி அகலமாகியிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டுச் சுருக்கலாம். ஆனால் இரண்டாவது ஆபரேஷனில் சிக்கல் வரும் வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். உணவு, பரிசோதனை, மருந்து எல்லாம் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்க

விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, மயங்கி விழுவது, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவை அவசர அறிகுறிகள். குறிப்பாக, தொடர் வாந்தியால் தயமின் எனும் வைட்டமின் பி1 வேகமாகக் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். மருத்துவமனைக்குப் போனதும் எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

'அவ்ளோ செலவு பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா' என்ற ஒரு வார்த்தை போதும், அவர் எடை பார்ப்பதையும் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிடுவார். அதற்குப் பதில் மிக்சர் டப்பாவைக் கண்ணில் படாமல் வைக்கலாம், சாயங்காலம் கூடவே நடக்கலாம், அப்பாயின்ட்மென்ட்டுக்குத் துணைக்குப் போகலாம்.

இலக்கையும் சின்னதாக வையுங்கள். மிகக் குறைவாக இருந்த எடைக்கே திரும்பணும் என்ற கட்டாயமில்லை. ஏறுவது நின்றாலே முதல் வெற்றி. அடுத்து இருக்கும் எடையில் 5% குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். 92 கிலோ இருப்பவருக்கு அது 5 கிலோ கூட இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பையும் காட்டுங்கள்.