பூமியதிர்ச்சியும் நிரூபிக்கும் பொறுப்பும்

உலகின் எங்கேனும் ஓரிடத்தில் பாரிய பூமியதிர்ச்சி ஏற்படும் ஒவ்வொரு தடவையும் அதற்கான காரணம் குறித்துப் புதிய கதைகளும் கூடவே பிறக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களை அழித்துச் சென்ற பின்னரும் இதுவே நிகழ்ந்தது. கிரகங்களின் சேர்க்கை, பௌர்ணமி, இரகசிய அணுகுண்டுப் பரிசோதனை எனப் பலவும் காரணமாகக் கூறப்பட்டன. முல்லைத்தீவு முதல் கல்முனை, ஹம்பாந்தோட்டை வரை உறவுகளைப் பறிகொடுத்த மக்கள் காரணம் தேடுவது இயல்பே. ஆனால், கூறப்படும் காரணங்கள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல.

1906இல் சான்பிரான்சிஸ்கோ நகரை அழித்த பூமியதிர்ச்சியின் பின்னர், நில அளவைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஹரி பீல்டிங் ரீட், 1910இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். நிலப்பிளவின் இருபுறமும் உள்ள பாறைகள் நீண்டகாலமாக வளைந்து இறுகி, தாங்கும் எல்லையைக் கடந்ததும் திடீரென வழுக்கி விடுகின்றன என்பதே அவரது முடிவாகும். அப்பாறைகளை வளைப்பது புவித்தகடுகளின் நகர்வே என்பது பின்னரே தெளிவானது. சுமாத்திராவை அண்டிய கடலடியில் இந்தியத் தகடு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் அயற்தகட்டின் கீழ் அமிழ்கின்றது. அங்கு சேர்ந்திருந்த இறுக்கமே 2004இல் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் விடுபட்டுக் கடலை உயர்த்தியது.

இந்தக் கொள்கையும் ஒருகாலத்தில் புறக்கணிக்கப்பட்டதே. கண்டங்கள் நகர்கின்றன என 1912இல் கூறிய ஜேர்மனியரான அல்பிரெட் வெக்னரைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. இன்று புதுக்கொள்கை கூறுவோர் பலரும் அவரையே தமக்குச் சாட்சியாக அழைக்கின்றனர். ஆனால், நிராகரிக்கப்பட்டதனால் வெக்னர் சரியானவர் ஆகிவிடவில்லை. கண்டங்களை நகர்த்தும் விசையென அவர் குறிப்பிட்டவை மிகப் பலவீனமானவை என அன்றே காட்டப்பட்டது. 1960களில் கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள் கிடைத்த பின்னரே நகர்வு உறுதியாயிற்று. இன்று அதனைச் செய்மதிகள் நேரடியாக அளவிடுகின்றன. ஆதாரம் வந்தது, அறிவுலகம் தன்னை மாற்றிக்கொண்டது.

ஆகவே, நிரூபிக்கும் பொறுப்பு புதியதைக் கூறுபவருக்கே உரியது. 'பொய்யென நிரூபியுங்கள்' என மற்றவர்களிடம் கேட்பது முறையன்று. பௌர்ணமியே காரணமெனில், மாதந்தோறும் வரும் பௌர்ணமிகளில் பேரதிர்ச்சி நிகழாதது ஏன் என்பதற்கு அவர் பதிலளிக்க வேண்டும். எதிர்வு கூறுவதாயின் இடம், காலம், அளவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். தவறியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடைய அதிர்ச்சிகள் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து வரை நிகழும் உலகில், 'விரைவில் எங்கோ ஓரிடத்தில்' என்பது எதிர்வுகூறல் ஆகாது.

இதனை வெறும் ஏட்டுவாதமாக நாம் கருதவில்லை. 1990இல் ஐபன் பிரவுணிங் என்பவர், டிசம்பர் 3ஆம் திகதியை ஒட்டி அமெரிக்காவின் நியூ மட்ரிட் பிரதேசத்தில் பூமி அதிரும் என்றார். பாடசாலைகள் மூடப்பட்டன, மக்கள் அச்சத்தில் உறைந்தனர். எதுவும் நிகழவில்லை. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தபோது எமது கரையோர மக்களும் வெளியேறினர். பேரலை வரவில்லை. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது, நிகழ்ந்துவிட்ட அதிர்ச்சியை அளந்தபின் விடுக்கப்பட்ட எச்சரிக்கை. தகடுகள் பெரும்பாலும் கிடையாக வழுக்கியதால் கடல் உயரவில்லை என்ற காரணமும் விளக்கப்பட்டது.

பூமி அதிரும் நாளை முன்கூட்டிக் கூற இன்றுவரை எவராலும் முடியவில்லை. ஆனால் சுமாத்திராவில் எழும் அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுக்கும். 2004இல் எச்சரிக்கை இன்றி வீணாகிய அந்த இரண்டு மணித்தியாலங்களே எமக்குள்ள உண்மையான பாதுகாப்பு. ஆதாரமற்ற வதந்திகளுக்கு அஞ்சி ஓடிக் களைத்த மக்கள், மெய்யான எச்சரிக்கை வரும்போது அசையாது இருந்துவிடக் கூடாது. எனவே, எவர் எதைக் கூறினும் 'ஆதாரம் எங்கே?' என முதலில் வினவுவோமாக.