தெரியுமா? ஓசூர் மேடு ஏறிய 175 லிட்டர் ராட்சசன்!

ஓசூர் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். 200 குதிரைத்திறன் லாரிகளாக 13 எடுத்து ஒன்றாகப் பூட்டினால் என்ன பலம் வரும்? 2,600 குதிரைத்திறன்! அத்தனையையும் ஒற்றை ஆளாகச் சுமந்த ரயில் என்ஜின் ஒன்று உண்டு, தெரியுமா? ரயில்வே ஏட்டில் அதன் பெயர் டபிள்யூடிஎம்-2. ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது 'ஆல்கோ'!

எடை 112.8 டன்! நீளம் 17 மீட்டருக்கு மேல்! டேங்க்கை நிரப்ப எவ்வளவு டீசல் வேண்டும்? 5,000 லிட்டர்!

உள்ளே 16 சிலிண்டர்கள். ஒரே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் கிட்டத்தட்ட 11 லிட்டர்! மொத்தம் 175 லிட்டர்! நம் பைக் என்ஜின் ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணை மறுபடி படியுங்கள்.

இந்த டீசல் என்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, தெரியுமா? அது ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் கரண்ட் தரும். அந்தக் கரண்ட்டில் ஆறு மோட்டார்கள் ஆறு அச்சுகளைச் சுழற்றும். அதாவது, தண்டவாளத்தில் ஓடும் ஒரு மின் நிலையம்! கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. லோகோ பைலட்டின் கையில் எட்டு 'நாட்ச்' கொண்ட ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்!

ஸ்டார்ட் செய்வது எப்படி? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். லாரியில் இருப்பதுபோல் தனி செல்ஃப் மோட்டார் கிடையாது! பேட்டரி கரண்ட்டை அந்த ஜெனரேட்டருக்குள்ளேயே திருப்பி விடுவார்கள். கரண்ட் கொடுக்கவேண்டியது கரண்ட் வாங்கிக்கொண்டு மோட்டாராக மாறும். 16 சிலிண்டரையும் சுற்றி உசுப்பிவிடும். உயிர் வந்ததும் மறுபடி ஜெனரேட்டர்! எவ்வளவு சாமர்த்தியம்!

ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது குப்பென்று கரும்புகை விடுமே, ஏன்? கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். ஆனால் காற்றை உள்ளே தள்ளும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடி காற்றுப் பற்றாக்குறையில் அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தப் புகை! பிறகு டர்போவின் கீச்சொலி மேலே மேலே போகும், புகை வெளுக்கும், வண்டி நகரும். பிளாட்பாரத்தில் நின்று இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்!

சேலத்திலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரும் ரயில் எவ்வளவு உயரம் ஏறுகிறது தெரியுமா? ஏறக்குறைய 600 மீட்டர்! இந்த ஏற்றத்தில் மழையால் தண்டவாளம் வழுக்கினால் என்ன மருந்து? மணல்! நம்புங்கள், கோடிக்கணக்கில் விலைபோகும் எந்திரம் தன் வயிற்றில் மணல் பெட்டி சுமக்கிறது. குழாய் வழியாக மணலைச் சக்கரத்தடியில் ஊதிவிட்டால் பிடி கிடைத்துவிடும்.

ஓசூருக்கு இந்த டீசல் என்ஜினுக்கும் முன்பே ரயில் வந்தது தெரியுமா? மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக, வெறும் 762 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஒரு குட்டி ரயில்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அது மறைந்தே போனது. இன்றைய சேலம் – பெங்களூர் பாதை அகலப் பாதையானது 1990களில்தான். இன்னொரு வேடிக்கை: ஓசூர் ஸ்டேஷன் இருப்பது தமிழ்நாட்டில், ஆனால் அதை நிர்வகிப்பது ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டம்!

ஆல்கோ பிறந்த கதை இன்னும் வியப்பு. வடிவமைத்தது அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமாக ஆல்கோ. 1962-ல் முதல் என்ஜின்கள் கப்பலேறி வந்தன. வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் பூட்டிய முதல் என்ஜினை 1964 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் யார் தெரியுமா? லால் பகதூர் சாஸ்திரி! 1956-ல் நம் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியையே துறந்தாரே, அதே சாஸ்திரி! அந்த முதல் என்ஜினுக்கு 'குந்தன்' என்று பெயர், எண் 18233.

1969-ல் அமெரிக்கக் கம்பெனி மூடப்பட்டே விட்டது. என்ஜின் நின்றதா? இல்லவே இல்லை! இந்தியா 1990களின் கடைசிவரை செய்துகொண்டே இருந்தது. மொத்தம் 2,600-க்கும் மேல்! தாய்க் கம்பெனி போன பிறகும் சுமார் முப்பது ஆண்டுகள் குட்டி போட்ட என்ஜின் வேறு எங்கே இருக்கிறது?

நிலவுக்குப் போன சாட்டர்ன்-5 ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்து போனதே நாசாவின் ராட்சத வண்டி, அதற்குள் உறுமியது எது தெரியுமா? இதே குடும்பத்து 16 சிலிண்டர் ஆல்கோ டீசல்! ஒன்றல்ல, இரண்டு! ஒவ்வொன்றும் 2,750 குதிரைத்திறன்! நம் ஊர் ரயிலுக்கும் நிலவுப் பயணத்துக்கும் ஒரே ரத்தம்!

ஆல்கோ இலங்கைக்கும் போனது! 1996-ல் வாரணாசியில் செய்த எம்-8 வகை என்ஜின்கள் இதே வம்சம்தான், 2,800 குதிரைத்திறன்!

'டபிள்யூடிஎம்-3ஏ' என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும் என்ஜினைப் பார்த்திருக்கிறீர்களா? 3 என்றால் 3,000, ஏ என்றால் கூடுதலாக 100. ஆக 3,100 குதிரைத்திறன்! பழைய டபிள்யூடிஎம்-2 பலவற்றைப் பிரித்து, பலம் கூட்டி, இந்தப் புதுப் பெயரோடு மறுபடி ஓடவிட்டார்கள். நம் பக்கத்துக் கிருஷ்ணராஜபுரம் ஷெட்டிலும் இவை இருந்தன!

இப்போது ஓசூர் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. அப்படியானால் பழைய ஆல்கோ எல்லாம் இரும்புக் கடைக்கா? வாரணாசிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இதே வம்சத்துச் சரக்கு என்ஜின்கள் இரண்டை எடுத்தார்கள். டீசலைக் கழற்றினார்கள். மின்சார என்ஜினாகவே மாற்றி, ஜோடியாகக் கோத்தார்கள். பலம் எவ்வளவு? 10,000 குதிரைத்திறன்! உலகிலேயே முதல்முறை என்கிறது ரயில்வே! யோசனையிலிருந்து வண்டி வெளியே வரும்வரை ஆன நாட்கள்? 69!